பெயரிலேயே ஒரு வழக்கு: மாஸ்கோவின் ரஷ்ய இம்ப்ரெஷனிச அருங்காட்சியகம்

மாஸ்கோவின் பெலருஸ்கயா மெட்ரோ நிலையத்தில் இறங்கி லெனின்கிராத் பெருஞ்சாலையோரமாகச் சற்றுத் தூரம் நடந்தால், பழைய செங்கல் ஆலைக் கட்டடங்களுக்கு நடுவே உலோகத் தகடு போர்த்திய உருளை வடிவக் கட்டடம் ஒன்று தென்படும். 2016ஆம் ஆண்டு மே மாதத்தில் பொதுமக்களுக்குத் திறக்கப்பட்ட ரஷ்ய இம்ப்ரெஷனிச அருங்காட்சியகம் அதுதான். இதை நிறுவியவர் தொழிலதிபரும் ஓவியச் சேகரிப்பாளருமான பரீஸ் மின்ட்ஸ். அரசின் பெரும் களஞ்சியங்களோடு ஒப்பிட்டால் இது அளவில் சிறியது. அரை நாளில் நிதானமாகப் பார்த்துவிடலாம். ஆனால் கண் அந்தக் கணத்தில் காணும் வெளிச்சத்தையும் நிறத்தையும் விரைந்த தீற்றல்களில் பிடிக்கும் இம்ப்ரெஷனிச ஓவிய முறை ரஷ்யாவில் உண்மையிலேயே இருந்ததா என்பது, அதாவது வாசலில் எழுதியிருக்கும் பெயரே, கலை வரலாற்றில் இன்னும் முடிவுக்கு வராத ஒரு வழக்கு என்பதால், அந்த வழக்கு இன்னதென்று தெரிந்துகொண்டு போகிறவருக்கு உள்ளே காணக் கிடைப்பது கூடுதலாக இருக்கும்.

முதலில் கட்டடம். இந்த வளாகத்தைப் பத்தொன்பதாம் நூற்றாண்டில் உருவாக்கியவர் அடோல்ஃப் சியூ என்ற பிரெஞ்சு இனிப்பு வணிகர். மாஸ்கோவில் 1855இல் சிறிய கடையாகத் தொடங்கிய அவருடைய தொழில், 1880களில் இங்கே பெரிய ஆலையாக வளர்ந்தது. ரோமானவ் அரச வம்சத்தின் முந்நூறாவது ஆண்டுக்காக 1913இல் வெளியிடப்பட்ட ‘யுபிலேய்னயே’ பிஸ்கட்டை ரஷ்யாவில் இன்றும் விற்கிறார்கள். புரட்சிக்குப் பின் அரசுடைமையாக்கப்பட்ட ஆலைக்கு 1924இல் ‘பொல்ஷிவீக்’ என்று பெயர் சூட்டினார்கள். பேரரசரின் பெயரில் கொண்டாடப்பட்ட பிஸ்கட், பொல்ஷிவீக் முத்திரையோடு விற்பனைக்கு வந்தது. சோவியத் காலத்தில் மாவும் சர்க்கரையும் சேமிப்பதற்காகக் கட்டப்பட்ட உருளைக் கிடங்கைத்தான், பிரிட்டனின் ஜான் மெக்காஸ்லன் கட்டடக்கலை நிறுவனம் அருங்காட்சியகமாக மாற்றியமைத்தது. பிரெஞ்சுக்காரர் தொடங்கிய ஆலையில், பிரான்சிலிருந்து வந்த ஓவிய முறை ரஷ்யாவில் எடுத்த உருவத்தைக் காட்சிக்கு வைத்திருப்பது திட்டமிட்ட பொருத்தமோ தற்செயலோ, நன்றாகவே அமைந்திருக்கிறது. நிரந்தரத் தொகுப்புக்கு ஒதுக்கப்பட்டது நிலமட்டத்துக்குக் கீழே உள்ள தளம். திறந்தவெளி வெளிச்சத்துக்காகவே வாழ்ந்த ஓவியர்களின் படைப்புகளைச் சூரியன் எட்டிப் பார்க்காத நிலவறையில் மாட்டியிருப்பதில் ஒரு வேடிக்கை உண்டு என்றாலும், தைல வண்ணங்களின் ஆயுளுக்கு அதுவே பாதுகாப்பு.

இனி வழக்குக்கு வருவோம். பிரெஞ்சு இம்ப்ரெஷனிசத்துக்குப் பிறந்த நாள் உண்டு, பிறந்த இடமும் உண்டு. 1874 ஏப்ரல் 15 அன்று, பாரிஸின் கபூசின் பெருவீதியில் புகைப்படக் கலைஞர் நாதார் பயன்படுத்திவந்த கூடத்தில், அரசுக் கண்காட்சியை நம்பியிராத முப்பது ஓவியர்கள் தங்கள் படைப்புகளைத் தாங்களே காட்சிக்கு வைத்தார்கள். மோனேயின் ‘இம்ப்ரெஷன், சூரிய உதயம்’ என்ற படத்தலைப்பைப் பிடித்துக்கொண்டு ஒரு பத்திரிகையாளர் செய்த கேலிதான் இயக்கத்தின் பெயராக நிலைத்தது. ரஷ்யாவிலோ இப்படிப்பட்ட நாள் இல்லை, கூடம் இல்லை, குழு இல்லை, அறிக்கையும் இல்லை. தன் நெற்றியில் ‘இம்ப்ரெஷனிஸ்ட்’ என்று எழுதிக்கொண்டு வாழ்நாள் முழுக்க அப்படியே இருந்த ரஷ்ய ஓவியர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். அங்கே நடந்தது வேறு. ஓவியர்கள் அந்த முறைக்குள் சில ஆண்டுகள் வந்து தங்கினார்கள், வேண்டியதை எடுத்துக்கொண்டார்கள், பிறகு வேறு திசையில் போனார்கள். இதைக் காட்டித்தான் ஒரு சாரார், ரஷ்யாவில் இருந்தது விரைந்து தீட்டும் பயிற்சிப் படங்களின் பழக்கமே ஒழிய இம்ப்ரெஷனிசம் அல்ல என்கிறார்கள். அருங்காட்சியகம் அந்த வாதத்துக்கு எழுத்தில் பதில் சொல்வதைவிட, படங்களை வரிசையாக மாட்டிச் சொல்கிறது.

புதிய முறையைப் பற்றிய செய்தி ரஷ்யாவுக்குத் தாமதமாக வந்தது என்று சொல்ல முடியாது. ரஷ்ய எழுத்தாளர் துர்கேனிவின் ஏற்பாட்டின் பேரில் பிரெஞ்சு நாவலாசிரியர் எமில் ஸோலா 1875 முதல் 1880 வரை பீட்டர்ஸ்பர்க் இதழான ‘வேஸ்த்னிக் எவ்ரோப்பி’க்குப் பாரிஸ் கடிதங்களை எழுதிவந்தார், அவற்றில் மோனே, மனே ஆகியோரைப் பற்றிய பகுதிகளும் இருந்தன. ரஷ்ய ஓவியர் இல்யா ரேப்பின் 1873 முதல் மூன்றாண்டுகள் பாரிஸில் தங்கியிருந்து இவர்களின் படங்களை நேரிலேயே பார்த்தவர். அவருடைய ஓவிய நண்பர் வசீலி பொலேனவும் அங்கே இருந்தார். செய்தி வந்து சேர்ந்தும் அது உடனே வேர்பிடிக்காததற்குக் காரணம் வேறு. அப்போது ரஷ்ய ஓவிய உலகை ஆண்டவர்கள் 1870இல் சங்கம் அமைத்த ‘பெரித்விஷ்னிக்கி’ என்னும் ஊர்சுற்றும் கண்காட்சியாளர்கள். ஓவியம் சமூகத்துக்கு ஏதேனும் சொல்ல வேண்டும், குடியானவனின் துயரையோ வரலாற்றின் திருப்பத்தையோ காட்ட வேண்டும் என்பது அவர்களின் எதிர்பார்ப்பு. ஆற்று நீரில் வெளிச்சம் உடைந்து சிதறுவதை மட்டும் தீட்டி வைத்துவிட்டு ‘இதுதான் படம்’ என்று ஒருவர் சொன்னால், ‘சரி, இதில் என்ன சொல்கிறாய்?’ என்ற கேள்வி தவறாமல் எழும்.

கொன்ஸ்தந்தீன் கொரோவின் அந்தக் கேள்வியை முதலில் எதிர்கொண்டவர்களில் ஒருவர். மாஸ்கோ ஓவியப் பள்ளியில் பொலேனவின் மாணவராக இருந்த அவர் வரைந்த ‘கோரஸ் பாடகியின் உருவப்படம்’ இன்று மாஸ்கோவின் ட்ரெத்யகோவ் காட்சிக்கூடத்தில் இருக்கிறது. நீலத் தொப்பியும் வெளிறிய இளஞ்சிவப்பு உடையும் அணிந்த ஒரு பெண், பசுமையின் முன் உட்கார்ந்திருக்கிறாள்; வழக்கமான அர்த்தத்தில் அவள் அழகியும் அல்ல, முகத்தில் கதையும் இல்லை. தூரிகை இழுத்த இழுப்புகள் அப்படியே தெரிகின்றன. இதைப் பார்த்த ரேப்பின், வண்ணத்துக்காக மட்டும் வண்ணம் தீட்டுவது எதற்காக என்று புரியாமல் நின்றதாகவும், வரைந்தவர் ஸ்பானியராக இருக்கலாம் என்று நினைத்ததாகவும் கதை உண்டு. படத்தில் 1883 என்ற ஆண்டு இருக்கிறது. அது உண்மையானால் கொரோவின் பாரிஸைப் பார்ப்பதற்கு முன்பே இதை வரைந்துவிட்டார் என்றாகும். ஆய்வாளர்கள் சிலர் அந்த ஆண்டை நம்பவில்லை, படம் சில ஆண்டுகள் பிந்தியது என்கிறார்கள். ஒரு எண்ணைச் சுற்றி இவ்வளவு சச்சரவு ஏன் என்றால், ரஷ்ய இம்ப்ரெஷனிசம் தானாக முளைத்ததா, இறக்குமதியா என்ற பெரிய கேள்வி அந்த எண்ணில்தான் தொங்குகிறது.

வலந்தீன் செரோவின் வழி இன்னும் சுவாரசியமானது. 1887 கோடையில், 22 வயதில், ரயில்வே முதலாளியும் கலைப் புரவலருமான சாவா மாமந்தவின் அப்ராம்ஸெவ பண்ணை வீட்டில் அவர் வரைந்த ‘பீச் பழங்களுடன் சிறுமி’, பார்த்த மாத்திரத்தில் ஒரு மூச்சில் தீட்டியது போலத் தோன்றும். சிறுமி ஓடிவந்து மேசையருகே உட்கார்ந்தாள், அடுத்த நொடி எழுந்து ஓடிவிடுவாள் என்ற தோற்றம். ஜன்னல் வெளிச்சம் பின்னாலிருந்து வந்து அவளுடைய இளஞ்சிவப்புச் சட்டையிலும் வெள்ளை மேசைத் துணியிலும் சுவரிலும் வெவ்வேறு விதமாகப் படிகிறது. வெள்ளை என்று நாம் நினைக்கும் துணியில் நீலமும் சாம்பலும் மஞ்சளும் கலந்திருப்பதை அருகில் போனால் காணலாம். ஆனால் அந்தப் படத்துக்காகச் சிறுமி வேரா மாமந்தவா ஒரு மாதத்துக்கும் மேலாக நாள்தோறும் உட்கார வேண்டியிருந்தது. புத்துணர்வு ஒன்றைத்தான் தேடினேன், முடித்த படத்தில் பழைய ஆசான்களிடம் உள்ளதுபோல அதைக் காப்பாற்ற விரும்பினேன், அதற்காக அந்தக் குழந்தையை வதைத்தே விட்டேன் என்று செரோவ் பிற்காலத்தில் சொன்னார். மோனே மறையும் வெளிச்சத்தை விரட்டிப் பிடித்தார் என்றால், செரோவ் ஒரே வெளிச்சத்துக்காக மறுநாளும் அதற்கு மறுநாளும் காத்திருந்தார். ‘முடித்த படம்’ என்ற மரபைக் கைவிடாமலேயே ‘முடிக்காதது போன்ற புதுமை’யை அடைய முயன்றதுதான் ரஷ்யர்களின் தனித்தன்மை என்று எனக்குப் படுகிறது, பெயர் குறித்த வழக்கில் என் வாக்கு அந்தக் காரணத்தால்தான் அருங்காட்சியகத்தின் பக்கம் விழுகிறது.

மூன்றாமவர் ஈகர் கிரபார். ரஷ்ய ஓவியர்களில் பிரெஞ்சு முறையை விஞ்ஞானி போலப் படித்துச் செயல்படுத்தியவர் இவர்தான். 1904 பிப்ரவரியில் மாஸ்கோவுக்குத் தெற்கே துகினோ பண்ணையில் தங்கியிருந்தபோது, காலை நடையில் கைத்தடி நழுவி விழ, எடுக்கக் குனிந்தவர் ஒரு பிர்ச் மரத்தைக் கீழிருந்து மேலாகப் பார்த்தார். வெண்ணிறக் கிளைகளுக்குப் பின்னால் வானத்தின் நீலம் அடுக்கடுக்காக ஒளிர்ந்தது. அந்தக் கோணத்தை இழக்கக் கூடாது என்பதற்காக ஒரு மீட்டருக்கும் அதிகமான ஆழத்துக்குப் பனியில் பள்ளம் வெட்டி, பெரிய கித்தானோடு அதற்குள் இறங்கி நின்று ‘பிப்ரவரி நீலம்’ படத்தைத் தீட்டினார். இதில் கவனிக்க வேண்டிய நுட்பம் ஒன்று உண்டு. வெயில் பட்ட பனி, நாம் நினைப்பதற்கு மாறாக, சூடான மஞ்சள் ஒளியைத் திருப்பி அடிக்கும். அது கித்தானில் விழுந்தால் தீட்டும் வண்ணம் உள்ளதைவிடப் பிரகாசமாகத் தெரிந்து ஓவியனை ஏமாற்றும். ஆகவே கிரபார் நீல வண்ணம் பூசிய குடையை விரித்து, கித்தானை வழக்கம்போலத் தரையை நோக்கிச் சாய்க்காமல் வானத்தை நோக்கித் திருப்பி, குளிர்ந்த நிழலிலேயே வைத்துக்கொண்டார். அந்த மங்கலில் வண்ணம் எடுபட வேண்டுமானால் அதன் வலிமையை மூன்று மடங்கு கூட்ட வேண்டியிருந்தது என்று அவரே எழுதியிருக்கிறார். ட்ரெத்யகோவின் சுவரில் அந்தப் படம் இன்று தானே விளக்கேற்றியது போல நிற்பதற்கு, அந்தக் குடையும் பள்ளமும் காரணம்.

தமிழில் ‘பனி’ என்றால் நமக்கு மார்கழி விடியலில் புல்நுனியில் நிற்கும் துளியும், தெருவை மூடும் மூட்டமும்தான் முதலில் நினைவுக்கு வரும். மாதக்கணக்கில் நிலத்தை மூடிக்கிடக்கும் உறைபனிக்கு நம்மிடம் அன்றாடச் சொல் இல்லை. அதன் நிழல் நீலமாக இருக்கும் என்பதும் பார்த்தால் ஒழிய நம்புவதற்கு எளிதல்ல. நிழல் கறுப்பல்ல, எதிர்த் திசை வானத்தின் நிறத்தை வாங்கியது என்பது இம்ப்ரெஷனிசத்தின் அடிப்படைக் கண்டுபிடிப்புகளில் ஒன்று. பிரெஞ்சுக்காரர்களுக்கு அதைச் சொல்லிக்கொடுத்தது பெரும்பாலும் ஆறும் வைக்கோற்போரும் தோட்டமும் என்றால், ரஷ்யர்களுக்குச் சொல்லிக்கொடுத்தது ஆண்டில் ஐந்து மாதம் தரையையே பெரிய வெள்ளைக் கித்தானாக விரித்து வைக்கும் குளிர்காலம். கொரோவினிடம் இதன் மறுபக்கத்தைப் பார்க்கலாம்: வெயில் இல்லாத வடநாட்டு மேகமூட்டத்தில் சாம்பல் நிறத்துக்குள்ளேயே வெள்ளிபோன்ற எத்தனையோ சாயல்களை அவர் பிரித்தெடுத்தார்.

மாஸ்கோ ஓவியர்களுக்கு இன்னொரு வாய்ப்பும் இருந்தது. ஜவுளி வணிகர்களான செர்கேய் ஷூக்கினும் இவான் மொரோசோவும் பாரிஸில் மோனே, ரென்வார், செசான் ஆகியோரின் படங்களை வாங்கி மாஸ்கோவில் தங்கள் வீடுகளில் குவித்தார்கள். மொரோசோவ் வாங்கியவற்றில் மோனே 1873இல் தீட்டிய ‘கபூசின் பெருவீதி’யும் ஒன்று, முதல் கண்காட்சி நடந்த அந்தத் தெரு மாடியிலிருந்து பார்த்தால் எப்படித் தெரியும் என்பதே அதன் பொருள். குளிர்காலப் பகலில் கீழே நடமாடும் மனிதர்கள் வெறும் கரும் தீற்றல்களாக இருக்கிறார்கள். இன்று அது புஷ்கின் அருங்காட்சியகத்தில் உள்ளது. அதே தெருவைக் கொரோவின் இரவில், கடை விளக்குகளின் மஞ்சளும் ஆரஞ்சும் ஈரத்தரையில் கரையும் நேரத்தில் பலமுறை தீட்டினார்; 1911ஆம் ஆண்டுப் படம் ட்ரெத்யகோவில் இருக்கிறது. ஒரே நகரில் இரண்டையும் பார்க்க முடிவது மாஸ்கோவின் பேறு. மோனே தெருவை ஆராய்கிறார். நாடக மேடைகளுக்குத் திரைச்சீலை வரைந்து பழகிய கொரோவின் அதை மேடையாக்கிவிடுகிறார்.

புரட்சிக்குப் பின் ஷூக்கின், மொரோசோவ் சேகரிப்புகள் அரசுடைமையாகி, ‘புதிய மேற்கத்தியக் கலை அரசு அருங்காட்சியகம்’ என்ற பெயரில் ஒன்றாயின. 1930களிலிருந்து, புரட்சியையும் உழைப்பாளர் வாழ்வையும் போற்றிக் காட்டும் சோசலிச எதார்த்தவாதமே அதிகாரபூர்வக் கொள்கையாக, இம்ப்ரெஷனிசம் என்பது ‘உள்ளடக்கம் இல்லாத வடிவ மோகம்’ என்று பொருள்படும் வசைச்சொல்லாகியது. அதற்காக வாதாடுவதும் ஆபத்தாக இருந்தது. கலை அறிஞர் நிக்கலாய் பூனின் 1946இல் லெனின்கிராத் ஓவியர் சங்கத்தில் இம்ப்ரெஷனிசத்தை ஆதரித்து உரை நிகழ்த்தினார். அதையடுத்துக் கடும் தாக்குதலுக்கு ஆளான அவர் 1949இல் கைதாகி, 1953இல் வடக்கே ஒரு முகாமில் இறந்தார். புதிய மேற்கத்தியக் கலை அருங்காட்சியகம் 1948இல் மூடப்பட்டு, படங்கள் புஷ்கின் அருங்காட்சியகத்துக்கும் லெனின்கிராதின் ஹெர்மிடாஜ் அருங்காட்சியகத்துக்கும் பங்கிடப்பட்டன. அது இயங்கிவந்த மொரோசோவின் மாளிகை சோவியத் கலைக்கழகத்துக்குப் போய்ச் சேர்ந்தது.

அந்தக் கலைக்கழகத்தின் முதல் தலைவர் அலெக்சாந்தர் ஜெரசிமோவ். ஸ்டாலினின் உருவப்படங்களால் புகழ்பெற்றவர், மேற்கத்தியத் தாக்கங்களை மேடைதோறும் சாடியவர். ஆனால் கொரோவினிடம் படித்த கை அவருடையது. 1935இல் சொந்த ஊரான மிச்சூரின்ஸ்கில் (1932 வரை அதன் பெயர் கஸ்லோவ்) குடும்பத்தாரை வரைந்துகொண்டிருந்தபோது பெருமழை அடித்து ஓய்ந்தது. நனைந்த திண்ணைப் பலகைகளும், மேசைமேல் தேங்கிய நீரும், கவிழ்ந்த கண்ணாடிக் குவளையும், இலைகளின் ஈரப்பசுமையும் பளபளக்க, அவர் மற்றதை எல்லாம் விட்டுவிட்டு ‘மழைக்குப் பின், நனைந்த திண்ணை’ என்ற படத்தைச் சில மணி நேரத்தில் தீட்டி முடித்தார். கலைக்கழகத் தலைவர் ஜெரசிமோவ் கண்டித்திருக்க வேண்டிய படம் அது. மூன்றாண்டு கழித்து ஸ்டாலினும் அவருடைய பாதுகாப்பு அமைச்சர் வொரோஷீலவும் கிரெம்ளினில் நடந்துவருவதாக அவர் வரைந்த பெரிய அரசுப் படத்திலும் தரை மழையில் நனைந்தே இருக்கிறது. ‘மழைக்குப் பின் இரு தலைவர்கள்’ என்று ரஷ்ய மொழியில் எதுகையோடு ஒரு கேலிப் பெயர் அதற்கு ஒட்டிக்கொண்டது. ஈரத் தரையை விட அவருக்கு மனம் வரவில்லை.

அருங்காட்சியகத்தின் நிரந்தரத் தொகுப்பு மிக அழுத்தமாகப் பேசுவது இந்த இடத்தில்தான் என்பது என் கருத்து. கொரோவின், செரோவ், கொன்ஸ்தந்தீன் யுவோன் போன்றோரில் தொடங்கும் அது சோவியத் ஓவியர்களையும் சேர்த்துக்கொள்கிறது. செரோவின் ‘ஜன்னல்’ 1887ஆம் ஆண்டுப் படம், அதாவது பீச் பழச் சிறுமியின் ஆண்டு. வணிகக் குடும்பத்துப் பருமனான பெண்களையும் திருவிழாக்களையும் வரைந்து பெயர்பெற்ற பரீஸ் குஸ்தோதியெவ், 1913இல் தீட்டிய ‘வெனிஸ்’ படத்தில் நாம் அறிந்த ஆளாகவே இல்லை. சோவியத் ஆண்டுகளைச் சேர்ந்தவை பியோத்தர் கஞ்சலோவ்ஸ்கியின் ‘கவிஞரின் ஜன்னல்’ (1935), யூரி பீமினவின் ‘மழையில் சுவரொட்டிகள்’ (1973). அரசுக்கு வேண்டிய பெரிய படங்களை வெளியே வரைந்தவர்களும், ஜன்னலோரம், பூச்சாடி, மழைத்தெரு என்று சிறிய விஷயங்களில் பழைய பாடத்தை விடாமல் கையாண்டிருக்கிறார்கள். பூச்சாடியில் கொள்கைப் பிழை கண்டுபிடிப்பது தணிக்கையாளருக்கும் கடினம்தானே.

சொல்லை எவ்வளவு தூரம் இழுக்கலாம் என்பதில் மட்டும் எனக்கு நிறுவனத்தோடு உடன்பாடில்லை. சமகால ஓவியர் வலேரி கஷ்லகோவின் படைப்புகளும் இங்கே காட்சிக்கு வந்திருக்கின்றன. நல்ல படைப்புகள்தான், ஆனால் அவற்றை இந்தப் பெயரின் கீழ் வைக்கும்போது பெயர் நெகிழ்ந்துபோகிறது. சோவியத் ஒன்றியம் கலைந்தபின் அமெரிக்க ஓவியச் சந்தையில், சோவியத் கால ஓவியங்கள் பலவற்றுக்கு ‘ரஷ்ய இம்ப்ரெஷனிசம்’ என்ற விற்பனைப் பெயர் ஒட்டப்பட்டதும் நினைவுக்கு வருகிறது. ‘சோசலிச எதார்த்தவாதம்’ என்றால் வரவேற்பறையில் மாட்ட யாரும் வாங்கமாட்டார்கள் அல்லவா.

இதற்கு ஈடாக, மேல்தளங்களின் தற்காலிகக் கண்காட்சிகள், பாடநூல்களில் அடிக்குறிப்பாகக் கிடந்த ஓவியர்களை வெளியே கொண்டுவருகின்றன. தொடக்க விழாவுக்கு அவர்கள் எடுத்துக்கொண்டதே பலரும் மறந்துபோன அர்னோல்ட் லகோவ்ஸ்கியை. இப்படி மீட்க வேண்டியவர்கள் பட்டியல் நீளமானது, ஏனென்றால் பலர் நாட்டைவிட்டுப் போனவர்கள். நிக்கலாய் தர்கோவ் புரட்சிக்கு வெகுமுன்பே பிரான்சில் குடியேறி 1930இல் அங்கேயே இறந்தார். கொரோவினும் 1920களில் வெளியேறி 1939இல் பாரிஸில் காலமானார். பிரெஞ்சு வரலாறு அவர்களை வெளிநாட்டார் என்று விட்டுவிட்டது, சோவியத் வரலாறு வெளியேறியவர்கள் என்று விட்டுவிட்டது.

போகிறவர்களுக்கு ஒரு நடைமுறைக் குறிப்பு: இந்த வழக்கின் முக்கியச் சாட்சிகளான பாடகியும் பீச் பழச் சிறுமியும் பிப்ரவரி நீலமும் நனைந்த திண்ணையும் லெனின்கிராத் பெருஞ்சாலையில் இல்லை, ட்ரெத்யகோவில் இருக்கின்றன: முதல் மூன்றும் லவ்ருஷின்ஸ்கி சந்தில், நனைந்த திண்ணை கிரிம்ஸ்கி வால் தெருவில் உள்ள அதன் புதிய கட்டடத்தில். ஆகவே முதல் நாள் அங்கே போய் அவற்றைப் பார்த்துவிட்டு, மறுநாள் பழைய மாவுக் கிடங்குக்கு வருவது நல்லது. முதலில் மேல்தளங்களின் அப்போதைய கண்காட்சியை முடித்துவிட்டு நிரந்தரத் தொகுப்புக்கு வந்து, செரோவின் ஜன்னலையும் கஞ்சலோவ்ஸ்கியின் ஜன்னலையும் ஒன்றையடுத்து ஒன்றாகப் பார்க்கலாம். இடையே இருப்பது 48 ஆண்டுகள், புரட்சிகள், போர்கள்.